பனியை வென்ற பட்டறைக்காரர்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

பனி என்றால் நமக்கெல்லாம் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். வெயில் ஏறினால் அதுவும் மறைந்துவிடும். ஆனால் ஆண்டில் ஐந்து மாதம் இடுப்பளவு பனி பெய்து, பாதையை மூடி, ஊரையே சிறை வைக்கும் நாடுகளும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட நாடு ஒன்றில், ஒரு சிற்றூரில் பிறந்து, பட்டம் எதுவும் பெறாமல், தன் கைத்திறனையே மூலதனமாகக் கொண்டு அந்தச் சிறையை உடைத்தவர் ஒருவர். அவர்தாம் ஜோசப் அர்மான்ட் பம்பார்டியர். பனிமீது ஓடும் ஸ்கி-டூ என்னும் ஊர்தியை உலகுக்குத் தந்தவர்.

கடல் கடந்த ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பவர். விடுமுறை நாட்களில் நானும் அவருடைய பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றின் பெல்ட்டைக் கழற்றும்போது, இதே அமைப்புதான் பனிமலை ஏறும் வண்டிகளிலும் இருக்கிறது என்று நான் படித்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த வண்டியின் மூலத்தைத் தேடிப் போனபோது கிடைத்தவரே பம்பார்டியர். அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, ஏதோ அடுத்த தெருப் பட்டறைக்காரரைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

கனடா நாட்டில் பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் நிறைந்த மாநிலம் கியூபெக். அங்கே வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் உழவர். பின்னாளில் கடை வைத்தவர். தாயார் அன்னா. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர் அர்மான்ட். மூத்த பிள்ளையைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. பிள்ளையின் ஆசையோ பழைய கடிகாரப் பாகங்களிலும் பொம்மை வண்டிகளிலும் இருந்தது. கையில் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார். கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் அவருக்குத் தெரியும். அதில்தான் அவர் மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறுபட்டார்.

மகன் தம் காரைக் கழற்றிவிடுவானோ என்று அஞ்சிய தந்தை, ஓடாத பழைய ஃபோர்டு மாடல்-டி காரின் எஞ்சினை அவரிடம் கொடுத்தார். பதினைந்து வயதுப் பையன் அதைச் சரிசெய்து, சறுக்கு வண்டிச் சட்டத்தின் மேல் ஏற்றினார். பின்புறத்தில் மரத்தால் செதுக்கிய விசிறி ஒன்றைப் பூட்டினார். விமானத்தை இழுக்கும் விசிறி காற்றைத் தள்ளுவது போல இதுவும் காற்றைத் தள்ளும். வண்டி முன்னே போகும்.

1922-ஆம் ஆண்டின் கடைசி நாள். தம்பி லெயோபோல் முன்னால் அமர்ந்து திசை திருப்ப, அண்ணன் பின்னால் எஞ்சினைக் கவனிக்க, அந்த விந்தை வண்டி வால்கூர்த் தெருவில் பெருஞ்சத்தத்துடன் ஓடியது. நாய்கள் குரைத்திருக்கும், குதிரைகள் மிரண்டிருக்கும். ஊரார் வியந்து நின்றிருப்பார்கள். ஆனால் திறந்தபடி சுழலும் அந்த விசிறியைப் பார்த்த தந்தை நடுங்கிப் போனார். வண்டியை உடனே பிரித்துப் போடும்படி ஆணையிட்டார். பிள்ளை கீழ்ப்படிந்தார். வண்டிதான் பிரிந்தது, எண்ணம் பிரியவில்லை.

படிப்பும் பட்டறையும்

பெற்றோர் விருப்பப்படி ஷெர்புரூக் நகரிலிருந்த சமயக் கல்விக் கூடத்தில் அவர் சேர்ந்திருந்தார். பதினேழாம் வயதில், அது தமக்குரிய வழி அன்று என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி வெளியேறினார். பட்டறைகளில் தொழில் பழகினார். மான்ட்ரியால் நகரில் பகலில் வேலை செய்துகொண்டே இயந்திரவியலும் மின்னியலும் கற்றார். தொழில்நூல்களைப் படிப்பதற்காக ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். தாய்மொழியில் கிடைக்காத நூலுக்காக இன்னொரு மொழியை முட்டி மோதிக் கற்பது என்னவென்று, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1926-இல், பத்தொன்பது வயதில், தந்தையிடம் கடன் பெற்று வால்கூரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். நல்ல மெக்கானிக் என்ற பெயர் சுற்றுவட்டாரம் எங்கும் பரவியது. தந்தையின் கடனையும் அடைத்தார். 1929-இல் இவோன் லாப்ரெக் என்னும் பெண்ணை மணந்தார்.

ஆனால் அந்த ஊர்ப் பட்டறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. பனிக்காலம் வந்தால் சாலைகளில் பனி அள்ளப்படாது. கார் வைத்திருப்போர் அதைக் கொட்டகையில் நிறுத்திக் கட்டைமேல் ஏற்றிவிட்டு, மீண்டும் குதிரை வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். மெக்கானிக்குக்கு வேலை இராது. வேலை இல்லாத அந்த மாதங்களைத்தான் பம்பார்டியர் தம் ஆராய்ச்சிக் காலமாக ஆக்கிக்கொண்டார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு புது வண்டி. அடுத்த வசந்தத்தில் அதன் குறைகள். மறு குளிர்காலத்தில் இன்னொரு வண்டி. இப்படியே பல ஆண்டுகள் ஓடின.

1934-ஆம் ஆண்டின் குளிர்காலம்

இனி எழுதப் போவது இந்த வரலாற்றில் மிகத் துயரமான பகுதி. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மகன் இவோனுக்கு வயிற்றில் கடும் அழற்சி கண்டது. குழந்தைக்கு வயது இரண்டு. உடனே அறுவை சிகிச்சை செய்தால்தான் பிழைப்பான். மருத்துவமனையோ ஷெர்புரூக்கில். சாலைகளைப் பனி மூடிக் கிடந்தது. பட்டறையில் பனி ஊர்தி ஒன்று இருந்தது. ஆனால் அது முழுமையாகாமல் பகுதி பகுதியாகக் கிடந்தது. பனியில் ஓடும் வண்டியைச் செய்துகொண்டிருந்தவரின் கண் முன்னே, அந்த வண்டி இல்லாத காரணத்தால் அவர் குழந்தை இறந்தது.

இதை நான் என் தந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத செய்தி ஒன்றைச் சொன்னார். எங்கள் முன்னோர் ஊர் மலைமேல் உள்ளது. அந்நாளில் அங்கே சாலை கிடையாது. என் பெரிய அத்தைக்குப் பேறுகால வலி கண்டு குழந்தை குறுக்கே நின்றுவிட்டபோது, மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி இரவோடு இரவாக மலையடிவாரத்துக்குத் தூக்கி வந்தார்களாம். தூக்கிய நால்வரில் என் தந்தையும் ஒருவர். அப்போது அவருக்கு என் வயது. அடிவாரத்தை அடைந்தபோது தோளில் பாரம் மட்டுமே இருந்தது, அத்தை இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாலையிட்டுத் தொங்கும் அந்தப் படத்தின் கதை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த மனிதர் வண்டியைச் செய்து முடித்தாரா, அதில் நோயாளிகள் போனார்களா என்பதே அது.

செய்து முடித்தார். போனார்கள்.

பற்சக்கரமும் பட்டையும்

மென்மையான பனியில் சக்கரம் ஏன் புதைகிறது? வண்டியின் எடை முழுவதும் சிறு பரப்பின்மேல் இறங்குவதால். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று முதலாண்டிலேயே படித்தோம். எடையைக் குறைக்க ஓர் எல்லை உண்டு. ஆகவே பரப்பைக் கூட்ட வேண்டும். சக்கரத்துக்குப் பதில் நீண்ட பட்டை ஒன்று ஓட வேண்டும். ஆனால் அன்றைய பட்டைகளின் இரும்புப் பற்களில் பனி அப்பிக் கெட்டிப்பட்டு, ஓட்டத்தை நிறுத்திவிடும்.

1935-இல் பம்பார்டியர் விடை கண்டார். ரப்பர் போர்த்திய பற்சக்கரம் ஒன்று. ரப்பரும் பருத்தியும் சேர்த்துச் செய்த பட்டை ஒன்று. முன்னால் திசை திருப்பச் சறுக்குக் கட்டைகள். ரப்பர் வளைந்து கொடுப்பதால் பனி ஒட்டிக்கொள்ளாமல் உதிர்ந்துவிடும். 1937-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பி-7 என்னும் வண்டி விற்பனைக்கு வந்தது. அவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கைகளின் எண்ணிக்கையுமே வண்டியின் பெயர். 1942-இல் பன்னிரண்டு பேர் அமரும் பி-12 வந்தது. அதே ஆண்டில் அவருடைய நிறுவனமும் முறையாகப் பதிவு செய்யப்பட்டது.

யார் வாங்கினார்கள் தெரியுமா? சிற்றூர் மருத்துவர்கள் வாங்கினார்கள். அஞ்சல் கொண்டு செல்வோர் வாங்கினார்கள். நோயாளிகளை ஏற்றிச் சென்ற வண்டிகள் உண்டு; பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பெரிய வண்டிகளும் உண்டு. இவோனுக்குக் கிடைக்காத வண்டி எத்தனையோ இவோன்களுக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்கான பனி ஊர்திகளையும் அவர் செய்து கொடுத்தார்.

சட்டம் தந்த அடி

போர் முடிந்து தொழில் செழித்த வேளையில், எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் அடி விழுந்தது. 1948-இல் கியூபெக் அரசு சாலைகளில் பனிக்காலத்திலும் பனியை அள்ளிப் போக்குவரத்தைத் திறந்து வைக்கச் சட்டம் செய்தது. மக்களுக்கு நல்ல சட்டம். ஆனால் சாலையில் கார் ஓடுமானால் பெரிய பனி ஊர்தி யாருக்கு வேண்டும்? விற்பனை சரிந்தது.

இங்கேதான் அவருடைய பெருமையை நான் காண்கிறேன். அவர் சட்டத்தைப் பழிக்கவில்லை. பட்டறையை மூடவும் இல்லை. தம்மிடம் இருப்பது பனி வண்டி அன்று, புதையும் தரையில் ஓடும் கலை என்று உணர்ந்தார். 1949-இல் சாதாரண உழவு டிராக்டரின் சக்கரங்கள்மேல் பூட்டிக்கொள்ளும் பட்டையைச் செய்தார். 1953-இல் சதுப்பு நிலத்திலும் காட்டிலும் செல்லும் மஸ்கெக் என்னும் ஊர்தியைச் செய்தார். மரம் வெட்டுவோரும் எண்ணெய் தேடுவோரும் அதை நாடினர்.

ஸ்கி-டூ

இருந்தாலும் இளமைக் கனவு அவரை விடவில்லை. ஓரிருவர் மட்டும் ஏறிப் போகும் சிறு வண்டி வேண்டும். அதற்கு அந்நாளைய எஞ்சின்கள் கனமாக இருந்தன. 1950-களின் இறுதியில் எடை குறைந்த சிறு எஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கின. மகன் ஜெர்மேன் இணைப்பில்லாத ரப்பர்ப் பட்டையை உருவாக்கித் தந்தார். 1959-இல் ஸ்கி-டூ பிறந்தது.

வடபுலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாற்று என்பதால் முதலில் எண்ணிய பெயர் ஸ்கி-டாக். அதுவே ஸ்கி-டூ ஆயிற்று. அதன் தொடக்கக் கால வண்டி ஒன்று ஒன்டாரியோவின் வடகோடியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய மோரிஸ் ஊயிமே என்னும் பாதிரியாரிடம் சென்றது. முதற் பருவத்தில் செய்த வண்டிகள் 225 மட்டுமே. ஐந்தாண்டுக்குள் ஆண்டுக்கு எண்ணாயிரத்தைத் தாண்டியது. தேவைக்காகப் பிறந்த வண்டியை மக்கள் விளையாட்டுக்காகவும் வாங்கத் தொடங்கினர்.

அந்த வளர்ச்சியின் உச்சத்தை அவர் காணவில்லை. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், 56-ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. அவர் நிறுவனம் பின்னர் ரயில் பெட்டிகளும் விமானங்களும் செய்தது. டெல்லி மெட்ரோவின் பெட்டிகளில் பல, குஜராத்தின் சாவ்லியில் அந்த நிறுவனம் அமைத்த தொழிற்சாலையில் உருவானவை. பனி ஊர்திப் பிரிவு 2003-இல் தனி நிறுவனமாயிற்று. ரயில் பிரிவு 2021-இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

மலையும் மெல்லிய காற்றும்

இன்று ஸ்கி-டூ பனிமலை உச்சிகளிலும் ஏறுகிறது. அங்கே ஒரு புதிய சிக்கல். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை இழக்கும். எட்டாயிரம் அடியில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். இதற்கு மருந்துதான் டர்போ. வெளியேறும் புகையின் விசையாலேயே சிறு விசிறி ஒன்றைச் சுழற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவது. 2020-ஆம் ஆண்டு மாடலாக, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுடன் ஸ்கி-டூ வந்தது. 165 குதிரைத்திறனை 8,000 அடி உயரம் வரை அது குறையாமல் தரும்.

ஆனால் எஞ்சினில் வலு இருந்தால் மட்டும் போதுமா? அந்த வலு பட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் கிளட்ச் வருகிறது. என் தந்தையின் பட்டறையும் வருகிறது.

கியர் இல்லாத ஸ்கூட்டரைப் போலவே பனி ஊர்தியிலும் இரண்டு கப்பிகள். நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டரின் முன் கப்பியில் சிறு ரோலர்கள் இருக்கும். பனி ஊர்தியில் அவற்றுக்குப் பதில் கீல் வைத்த எடைக் கைகள். எஞ்சின் வேகம் ஏறினால் எடைகள் வெளிப்புறம் வீசப்பட்டு, ஸ்பிரிங்கை எதிர்த்துக் கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். கியர் மாற்றியது போல் ஆகும். அந்த விசை நிறை, ஆரம், கோண வேகத்தின் இருமடி ஆகியவற்றின் பெருக்கல் என்பது நம் பாடம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பின் கப்பியிலோ ஒரு ஸ்பிரிங்கும் சாய்வான திருகுத் தடமும் உண்டு. பாரம் கூடினால் அது பெல்ட்டை இறுகப் பிடித்து, தாழ்ந்த கியருக்குத் திருப்பும்.

எடை கூடினால் பெல்ட் விரைந்து ஏறிவிடும், எஞ்சின் திணறும். எடை குறைந்தால் எஞ்சின் வீணாகக் கத்தும், வண்டி நகராது. முழு விசை கொடுக்கும்போது எஞ்சின் தன் உச்சத் திறன் தரும் வேகத்திலேயே நிற்க வேண்டும். அதற்காகச் சில கிராம் கூட்டியும் குறைத்தும் ஆழ்ந்த பனியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். டர்போ வண்டிக்கு வலு அதிகம். ஆகவே எடையும் அதிகம் வேண்டும். ஆனால் டர்போவின் அழுத்தம் எழச் சற்று நேரமாகும். அதற்குள் பெல்ட் ஏறிவிட்டால் எஞ்சின் வேகம் விழும். வேகம் விழுந்தால் அழுத்தம் எழாது. எனவே எடைக் கையின் அடிப்பகுதியை இலேசாக்கி, நுனியில் பாரம் வைப்பதுண்டு. தொடக்கத்தில் மெல்ல, பின்னர் வலுவாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் நாள்தோறும் சொல்லும் விதி அல்லவா இது!

இதையெல்லாம் என் தந்தைக்கு விளக்கினேன். எட்டாம் வகுப்பு வரை படித்த அவர், சூத்திரம் எதையும் கேட்டதில்லை. ஆனால் ஸ்கூட்டரின் சத்தத்தைக் கேட்டே ரோலர் தேய்ந்ததா, பெல்ட் நழுவுகிறதா என்று சொல்லிவிடுவார். அன்றும் சொன்னார்; கழற்றிப் பார்த்தோம். ரோலர்கள் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. நான் தாளில் எழுதுவதை அவர் காதால் எழுதியிருக்கிறார் என்று அன்று எனக்குப் பட்டது.

முடிவாக

பம்பார்டியரின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றவை மூன்று. வேலை இல்லாத காலம் வீணான காலம் ஆக வேண்டியதில்லை. கண் முன்னே உள்ள ஊரின் துன்பமே ஆராய்ச்சிக்கு உகந்த பொருள். ஒரு கதவு மூடினால், கையில் உள்ள கலை என்ன என்று மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. முதலாண்டில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் கூலி என்று எழுதினேன். மெக்கானிக் என்று எழுதக் கூசினேன். கிரீஸ் படிந்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்ற மகிழ்ச்சி ஒன்றே அன்று அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நண்பர்களே, அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு விண்ணப்பம் தருவார்கள். அந்த இடத்தில் மெக்கானிக் என்று தெளிவாக எழுதுவேன். கையெழுத்திடும் முன் அவருக்குப் படித்தும் காட்டுவேன்.